கீழே நின்றவன்

நான் சாதாரணமாகச் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை, ஐயா. தொழிலுக்காகக் கத்தப் பழகியவன்.

நான்கு மாடிச் சுவரில் முகம் வரைகிறவனுக்குத் தன் மூக்குக்கு முன்னால் இருக்கும் பெயிண்ட் மட்டும்தான் தெரியும். முழு முகமும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவனுக்குத்தான் தெரியும். மேலே என் அக்கா புருஷன். எதிர்ப்பக்கம் நான். கன்னத்தை ஏற்றுங்கள், புருவத்தை இறக்குங்கள் என்று குரல் கொடுப்பேன். அவர் சுவரைப் பார்த்தபடியே சாரத்தில் நகருவார், காலடியைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். என் குரல்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த முகங்களையெல்லாம் முதலில் காகிதத்தில் வரைந்தவன் நான். கட்டம் போட்டுச் சுவரில் பெரிதாக்கியதுதான் அவர் வேலை. ஆனால் மூலையில் கையெழுத்து அவருடையது மட்டும். கேட்டால், அடுத்த சுவரில் பார்க்கலாம் என்பார். இந்த நகரத்தில் எத்தனை சுவர்கள், பாருங்கள். ஊரே அண்ணாந்து பார்த்து அவரைப் புகழும்போது எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

போன வாரம் டிவிக்காரர்கள் வந்தார்கள். என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவனா? அவன் கீழ நிப்பான். அவ்வளவுதான்."

நான் சண்டை போடவில்லை. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். அக்காதான் பரிமாறினாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் நானே சாரத்துப் பலகைகளைக் கட்டினேன். இடது ஓரப் பலகை கம்பியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். அதை மட்டும் கட்டாமல் விட்டேன். நுனியில் கால் வைத்தால் மறுமுனை தூக்கிக்கொள்ளும். இடுப்பில் பெல்ட் கட்டினால் கை ஓடாது என்று அவர் அதைக் கட்டுவதே இல்லை.

அவர் காது வரைந்துகொண்டிருந்தார். காது சின்னதாக இருக்கிறது, இடது பக்கம் இழுங்கள் என்றேன். நகர்ந்தார். "போதுமா மாப்ள?" என்றார்.

"இன்னும் கொஞ்சம், மாமா."

காது சின்னதாக இல்லை, ஐயா. அருமையாக வந்திருந்தது.

கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்கள். விபத்து என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். அவர் பெயர், அவர் போட்டோ. கீழே நின்ற உதவியாள் அதிர்ச்சியில் இருக்கிறானாம், அதற்கு ஒரு வரி. அதைப் படித்த பிறகுதான் கிளம்பி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவர் வழுக்கவில்லை. யோசனை என்னுடையது, பலகை நான் விட்டது, குரல் என்னுடையது. கொன்றது நான்.

பேனாவைக் கொடுங்கள். இதில் கையெழுத்து நான் மட்டும்தான் போடுவேன்.