நட்சத்திரம் எரிந்த வீடு

கல் விழுகிறது. ஓட்டின் மேல் ஒன்று. அடுத்தது சன்னல் கண்ணாடியில். அப்பாவை மேசைக்கு அடியில் தள்ளுகிறேன். வெளியே இருட்டு. தாம்பரம் பக்கமிருந்து அபாயச் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது.

சிட்லபாக்கம். 1971 டிசம்பர். போர் தொடங்கியபின் வந்த முதல் ஞாயிறு. மாலை ஏழு மணி.

வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்பது உத்தரவு. அப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். எல்லாச் சன்னல்களிலும் அவரே கறுப்புத் தாள் ஒட்டினார். சாவித் துவாரத்தைக்கூட விடவில்லை. ஆனால் வாசல் மூங்கிலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் எரிவது. அதை ஒரு விளக்காக அவர் நினைக்கவே இல்லை.

விமானத்துக்கு அடையாளம் காட்டுகிறோம் என்று தெருவில் பேச்சு பரவியது. கூட்டம் சேர்ந்தது. முதல் கல்லிலேயே நட்சத்திரம் அணைந்தது. அதன் பிறகும் கல் நிற்கவில்லை.

"பாகிஸ்தானுக்கு லைட்டு காட்றியா? வெளிய வாடா கெய்வா!"

"கதவத் தொறக்காதடா!" என்று கத்தினேன். தம்பி திறந்துவிட்டான்.

அவனுக்கு இருபத்து நான்கு வயது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சாமுவேல். கல்லூரியில் அதை உதறினான். கடவுள் இல்லை என்றான். அறிவழகன் என்று வைத்துக்கொண்டான். பழைய பெயரில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எங்கள் வீட்டில் நட்சத்திரம் கட்டுவது மகனின் வேலை. மூன்று வருடமாக அவன் மூங்கிலைத் தொடவில்லை; அப்பாவே கட்டினார். அத்தனை காலமும் அப்பா அவனோடு பேசவில்லை.

கூட்டத்தில் சைக்கிள் கடைக்காரன் இருந்தான். தம்பி பேசும் கூட்டங்களுக்கு வருபவன்.

"அறிவழகன் அண்ணா, நீங்க இந்தாண்ட வந்துடுங்க. சாமியே இல்லேன்றவராச்சே நீங்க. உங்களுக்கும் இதுக்கும் இன்னா?"

கூட்டம் விலகியது. ஓர் ஆள் நடந்துபோகும் அகலம். போய்விடு என்று மனதுக்குள் மன்றாடினேன்.

அவன் நகரவில்லை.

"என் பேரு சாமுவேல். உள்ள இருக்கிறது எங்க அப்பா."

செங்கல் நெற்றியில் பட்டது. பலகை பிளப்பது போன்ற சத்தம். பிறகு இரும்புக் கம்பி. அவனை நான் உள்ளே இழுக்கிறேன். என் விரல்கள் மேலும் அடி விழுகிறது. சங்கு நின்றது. விமானம் எதுவும் வரவில்லை.

விடியுமுன் இறந்தான்.

கல்லறையில் அறிவழகன் என்று பொறிக்க வேண்டும் என்றார் அப்பா. ஞானஸ்நானப் பெயர்தான் என்றார் போதகர். அப்படியானால் கல்லே வேண்டாம் என்று அப்பா எழுந்து வந்துவிட்டார். இன்றும் அங்கே வெறும் மண்.

எங்களுக்குப் போனவை: சன்னல்கள் எல்லாம். கூரையில் பாதி. என் வலது கையில் இரண்டு விரல்கள். சன்னல் வழியே வந்த கல்லில் அப்பாவின் ஒரு காது. ஆள் ஒருவன். பெயர் இரண்டு.