பிரிங்க்மன் வீட்டுக் கறி

— ஜன்னலைச் சாத்து ஆர்லிஸ்! வாசப்படியில கால் வைக்கும்போதே குடலைப் புரட்டுது. இந்த வீட்டுல மனுஷன் மூச்சு விடுறதா, இல்ல மூக்கை அறுத்துத் தூரப் போடுறதா?

— புகை போகட்டும்னு திறந்து வச்சிருக்கேன். கறி இரும்புச் சட்டியில கிடக்கு, நாலு பக்கமும் சிவக்கணும். நீ முதல்ல தொப்பியைக் கழட்டு, வெர்லின்.

— புகைன்னா பரவாயில்லையே. இது பிரிங்க்மனோட பன்னிக் கொட்டகை நாத்தம். ஆறு வருஷமா இதே கண்றாவி! தெக்கால இருந்து இம்புட்டுக் காத்து அசைஞ்சாப் போதும், அவன் பன்னி அத்தனையும் நம்ம சமையக்கட்டுல வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்குது.

— உனக்கு நிஜமாவே அடிக்குதா?

— என்ன கேள்வி இது? செத்தவனுக்கும் அடிக்கும்.

— இருக்கட்டும். தலை ஏன் ஈரமா இருக்கு?

— லொவெல் ஷெட்ல குழாய்க்கு அடியில காட்டினேன். அவனோட வைக்கோல் கட்டுற மெஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கோம்ல? மேலெல்லாம் தூசி, கிரீஸ்.

— நேத்தும் அந்த மெஷின்தான், முந்தாநேத்தும் அந்த மெஷின்தான். அது பிழைக்கவும் மாட்டேங்குது, சாகவும் மாட்டேங்குது.

— பழைய இரும்பு அப்படித்தான். நம்மளை மாதிரி. அது கிடக்கட்டும், சட்டியில என்ன?

— பன்னிக் கறி. முதுகெலும்புக்கு அடியில ஓடுமே, அந்த நீளத் துண்டு. மேல இருந்த வெள்ளைச் சவ்வைக் கத்தியால உரிச்சு எடுத்துட்டேன். அதை விட்டா வேகும்போது கறி சுருட்டிக்கிட்டுப் போயிடும்.

— எங்க வாங்கின? உன் கார் நின்ன இடத்துலயே நிக்குது. நீ இன்னைக்கு ஊருக்குள்ள போகலையே.

— கடையில வாங்கல.

— கடையில வாங்காம... இரு. குப்பைக் கூடையில அது என்ன காகிதம்? வெள்ளைக் காகிதம், நீல முத்திரை... ஆர்லிஸ்! இது பிரிங்க்மன் கறி!

— ஆமா.

— ஆமாவா? வாய் கூசாம ஆமாங்குற? கண்றாவி, கண்றாவி! கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவன் பொண்டாட்டி சிவப்பு ரிப்பனைக் கட்டிக்கிட்டு வந்து நீட்டுவாளே, 'அக்கம்பக்கத்துல எல்லாரும் நல்லா இருக்கணும்'னு பல்லைக் காட்டிக்கிட்டு! வருஷம் முழுக்க மூஞ்சியில சாணியைப் பூசிட்டு வருஷக் கடைசியில ஒரு கறித் துண்டு. அதையா அடுப்புல வச்சிருக்க?

— கத்தாத. பூண்டு கருகிடும். அந்தப் பிரவுன் சர்க்கரை டப்பாவை எடு.

— எடுக்க மாட்டேன்.

— சரி, நானே எடுத்துக்குறேன்.

— அது எப்படி உன்னால முடியுது? பரிசுன்னு கொடுத்ததைத் திருப்பி அனுப்புறது மரியாதை இல்லன்னு நீதான் சொன்ன. அதான் ஒவ்வொண்ணையும் ஃப்ரீசர்ல, சோளத்துக்கு அடியில புதைச்சு வச்சோம். ஆறு வருஷம், ஆறு பொட்டலம். இதே மேசையில கைமேல கை வச்சு என்ன முடிவு பண்ணினோம்?

— அவன் கறி நம்ம வாய்க்குள்ள போகக் கூடாது. நம்ம கால் அவன் கேட்டைத் தாண்டக் கூடாது.

— ஞாபகம் இருக்குல்ல?

— எனக்கு நல்லாவே இருக்கு. உனக்கு?

— எனக்கு இல்லாமலா ஊரே என்னை இன்னைக்குப் பேச அனுப்புது? சாயங்காலம் கவுண்டி நிர்வாகக் கூட்டம், ஆர்லிஸ்! அவனோட ரெண்டாவது கொட்டகைக்கு அனுமதி கொடுக்கிறதா இல்லையான்னு இன்னைக்குத்தான் முடிவு. சர்ச்சுல இருக்குற பாதிப் பேர் என் பின்னால வந்து உக்காரப் போறாங்க. நான் என்ன நெனச்சிருந்தேன் தெரியுமா? அந்த ஆறு பொட்டலத்தையும் ரிப்பனோட கொண்டுபோய் அவங்க மேசை மேல டொம்மு டொம்முன்னு வைக்கிறது. 'ஐயாமாரே, எங்க காத்துக்கு இந்த ஆள் போட்ட விலை இதுதான், மோந்து பாருங்க'ன்னு.

— நல்லாப் பேசுற.

— பேசுவேன். ஆனா இப்போ ஒண்ணு குறையுதே! ஊருக்கு முன்னால அஞ்சை வச்சா, ஆறாவது எங்கடான்னு கேட்டா, என் பொண்டாட்டி சர்க்கரைப் பாகு பூசித் தின்னுட்டான்னு சொல்லவா?

— பாகுல சர்க்கரை மட்டும் இல்ல. சோயா சாஸ், பூண்டு, ஆப்பிள் வினிகர், ரெண்டு கரண்டி கடுகு விழுது. இது தித்திப்பு, மேல பூச. கறி எடுத்ததும் சட்டியில ஒட்டியிருக்குறதைச் சுரண்டி, வெங்காயம், மிளகு போட்டு உப்பா இன்னொரு சாஸ். அது பக்கத்துல ஊத்த.

— பன்னிக்கு ரெண்டு சாஸா? அதுக்குக் கல்யாணமா பண்ற?

— நக்கிப் பாரு.

— மாட்டேன்.

— கறி இல்ல, மனுஷா, பாகுதான். இன்னும் கறியைத் தொடல. பாகு என் சொந்தப் பாகு.

— ...ம்.

— எப்படி?

— நல்லாத்தான் இருக்கு. நாக்கு ஒட்டுது. அதுக்காக? மேல எதைப் பூசினாலும் கீழ இருக்குறது அதேதானே.

— அதைத்தான் நானும் காலையில இருந்து நெனச்சுக்கிட்டிருக்கேன்.

— என்ன ஒரு மாதிரியா பேசுற? யாராவது சாப்பிட வர்றாங்களா? நம்ம மக ஜனெல் வர்றாளா?

— அவ எங்க வருவா? பிள்ளை பிறந்து எட்டு மாசம் ஆச்சு. ஒரு ராத்திரி இங்க தூங்கியிருக்கா? போன தடவை வந்தவ வாசல்லயே கார் கண்ணாடியை இறக்காம, பிள்ளையைத் தூக்கி எனக்குக் காட்டிட்டுப் போனா. என் பேரனைக் கண்ணாடிக்கு வெளியில நின்னு பார்த்தேன், வெர்லின். அக்வேரியத்துல மீன் பார்க்குற மாதிரி.

— அதுக்குத்தானே நான் மல்லுக்கு நிக்கிறேன்.

— நான் ஒண்ணு சொல்லியிருக்கேன், மறந்துடாத. அந்த ரெண்டாவது கொட்டகை வந்தா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். பெட்டியைக் கட்டிக்கிட்டு ஜனெல் வீட்டுக்குப் போயிடுவேன். நீ வந்தா வா, வராட்டி இங்கேயே கிட.

— வராது. நான் உயிரோட இருக்குற வரைக்கும் வராது. அது கொட்டகையா, ஆர்லிஸ்? ஜெயில்! வெளிச்சம் கிடையாது. கீழ பூரா குழி, குழி பூரா மூத்திரமும் சாணியும். கண்ணு எரியும், தொண்டை அடைக்கும். உள்ள போகணும்னா துணியெல்லாம் அவுத்துப் போட்டுக் குளிச்சுட்டுப் போகணும், வரும்போது மறுபடி குளிச்சுட்டு வரணும். பன்னிக்குச் சீக்கு வந்துடுமாம்! எங்கப்பா சர்ச்சுக்குப் போட்ட சட்டையோடவே பன்னிக்குப் பக்கத்துல போய்ப் படுப்பார். எந்தப் பன்னியும் சாகல.

— ம். குளிச்சுட்டு வரணுமா?

— தாய்ப்பன்னி திரும்பக்கூட முடியாது, அம்புட்டுச் சின்னக் கூண்டு. கடைசி வரிசையில ஒண்ணு இருக்கு, ஒரு காது கிழிஞ்சது. கம்பியையே கடிச்சுக்கிட்டு நிக்கும். குட்டி கத்தினா அது உடம்பு நடுங்கும். பக்கத்துல போய் முதுகைச் சொறிஞ்சு விட்டா அப்படியே கண்ணை மூடிக்கும்...

— எந்தக் காது?

— இடது காது... லொவெல் சொன்னான். அவன் தம்பி மகன் அங்க கரண்டு வேலை பார்க்கப் போனானாம்.

— இருக்கட்டும். நம்ம மேபிள் மாதிரி இல்ல? அதுக்கும் சொறிஞ்சு விட்டாப் போதும்.

— மேபிள் மகாராணி. வெயில்ல சேத்துல புரண்டு, இஷ்டத்துக்குக் குட்டி போட்டது. அது பன்னி. இவன் வச்சிருக்குறது பன்னி இல்ல, கறி மிஷின்.

— நம்ம பன்னியெல்லாம் வித்து லாரி ஏத்தின அன்னைக்கு நீ வெறும் கொட்டில்ல போய் உக்காந்து அழுதியே. நான் கஞ்சி கொண்டுவந்தேன். நீ தொடல.

— அதை ஏன் இப்ப எடுக்குற?

— உனக்கு அது இன்னும் ஆறல. எனக்குத் தெரியும். அதை வாய் விட்டுச் சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன். கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னால என்கிட்ட ஏதாவது சொல்லணுமா, வெர்லின்?

— என்ன சொல்லணும்? ஒண்ணும் இல்ல.

— நல்லா யோசிச்சுச் சொல்லு. ஓவன்ல வைக்கிறேன், இன்னொரு தடவை பாகு பூசுற வரைக்கும் நேரம் இருக்கு.

— ஒண்ணும் இல்லைங்கிறேன்ல! நீ அந்த ஓவனைச் சாத்து. பாகு சொட்டிக் கருகுது. சர்க்கரையும் கொழுப்பும் கொப்பளிச்சுக்கிட்டு, புண்ணு மாதிரி... த்தூ.

— நீ பேசப் போறதைச் சொல்லிக் காட்டு. கேக்குறேன்.

— இப்பவா?

— எனக்கு முன்னால சொல்ல முடியாததை ஊருக்கு முன்னால எப்படிச் சொல்லுவ?

— சரி. 'ஐயாமாரே. நான் வெர்லின் ஹாகென். இந்த மண்ணுல அறுபத்தெட்டு வருஷமா இருக்கேன். நானும் பன்னி வளர்த்தவன்தான். பன்னி நாத்தம் எனக்குப் புதுசு இல்ல. ஆனா இது பன்னி நாத்தம் இல்ல, பேராசை நாத்தம். என் பொண்டாட்டி ஆறு வருஷமா வெளியில துணி காயப் போடல. எங்க பேரன் எங்க வீட்டுல தூங்கல. அந்த ஆள் முகத்தை நான் சர்ச்சுல பார்த்தாலும் தலையைத் திருப்பிக்கிறேன். அவன் நிழல்லகூட நான் நிக்கல, நிக்கவும் மாட்டேன்...'

— ஏன் நிறுத்திட்ட?

— முதல்ல தண்ணி கொடு.

— இந்தா. பாதித் தண்ணியைச் சட்டையில சிந்திட்ட.

— வயசு.

— கறி ஆயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும், அப்பத்தான் சாறு உள்ளேயே நிக்கும். தட்டு எடு.

— எனக்கு வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? ஐயோ, உள்ள பாரு, ரோஸா இருக்கு! பச்சைக் கறி!

— அது அப்படித்தான் இருக்கணும். உங்கம்மா மாதிரி செருப்புத் தோலா வேக வைக்கச் சொல்றியா? உக்காரு.

— நாத்தத்துல உக்காந்து நாத்தத்தையே தின்னச் சொல்ற. ஜன்னலையாவது சாத்தித் தொலை.

— இன்னைக்குத் துணி காயப் போட்டிருக்கேன், பார்த்தியா?

— எங்க?

— கொடியில. வாசலுக்கு நேரா. நாலு வெள்ளை பெட்ஷீட். அதை விலக்கிக்கிட்டுத்தான் நீ உள்ள வந்த.

— கவனிக்கல. உனக்கென்ன பைத்தியமா, இந்த நாத்தத்துலயா...

— விடியறதுக்கு முன்னால இருந்தே காத்து வடக்க இருந்து வருது. துணியில முகத்தைப் புதைச்சு மோந்து பார்த்தேன், வெறும் சோப்பு வாசனை. அழுகையே வந்துடுச்சு எனக்கு. நீ உள்ள வர்ற வரைக்கும் இந்தச் சமையக்கட்டுல பூண்டு வாசமும் சர்க்கரை வாசமும்தான் இருந்துச்சு.

— ...வர்ற வழியில ஒட்டியிருக்கும். வண்டிக் கண்ணாடி இறக்கியிருந்துச்சு. அவன் கேட் வழியாத்தானே வரணும். சட்டையில பிடிச்சுக்கிட்டிருக்கும்.

— தலைமுடியிலயும் பிடிச்சிருக்கு. குளிச்ச தலைமுடியில.

— நீ என்னைச் சந்தேகப்படுறியா? நாற்பத்திநாலு வருஷம் கழிச்சு?

— நான் எதுவும் சொல்லல. சாப்பிடுன்னுதான் சொல்றேன்.

— தொட மாட்டேன்! பட்டினி கிடந்து செத்தாலும் அந்த ஆள் வீட்டுக் கறி என் பல்லுல படாது. கூட்டத்துல நின்னு பேசணும்னா வாய் சுத்தமா இருக்கணும். நீயே வச்சுத் தின்னு. நான் ஃப்ரீசர்ல மிச்சம் இருக்குற அஞ்சையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன்.

— அஞ்சு இல்ல, ஆறு. போய் எண்ணிப் பாரு. ஒண்ணுலயும் நான் கை வைக்கல, ரிப்பன்கூட அவிழ்க்கல.

— அப்போ... தட்டுல இருக்குறது?

— பிரிங்க்மன் பொண்டாட்டி டெனீஸ் காலையில கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனா. கொட்டகையில வேலை பார்க்குறவங்களுக்கு மாசம் ஒரு துண்டு உண்டாம். 'வெர்லின் மட்டும் நாலு மாசமா தன் பங்கை வாங்காமலே போயிடுறார், பாவம், கூச்சப்படுறார் போல'ன்னு சொன்னா.