ஐயர் வீட்டு மீன் பசை

– ஏழாயிரத்து அறுநூத்து நாப்பது ரூபா, அம்பி சார். கட்டுமரத்துக்கு அஞ்சாயிரத்து நானூறு, மீதி வலைக்கும் கயித்துக்கும். ஒரு பைசா சேத்துக் கேக்கல, ஒரு பைசா கொறைச்சும் வாங்க மாட்டேன்.

– காலங்கார்த்தால ஆரம்பிச்சுட்டியா? லூர்து, நான் உன்னை வரச் சொன்னது பசைக்கு. பஞ்சாயத்துக்கு இல்லே.

– பசை வேணும்னா பஞ்சாயத்தையும் கேட்டுத்தான் ஆவணும். ரெண்டும் ஒரே கூடையில வந்த மீனு.

– பசைக்குக் காசு அப்பப்போ கையில குடுத்துடறேனோல்லியோ? பேச நேரமில்லேம்மா. ஒன்றரை வருஷமா வரைஞ்ச பதினெட்டுப் படம் டெல்லிக்குப் போறது, லாரி இப்போ வந்துடும். மூணு லட்சம் பேசி, பாதி முன்பணமும் குடுத்துட்டா. கடைசி நேரத்துல இந்த ஒண்ணு மானத்தை வாங்கறது பாரு. கீழ் மூலையில பெயிண்ட் எப்படி எழும்பிண்டு நிக்கறது!

– அட ஆமா. வெயில்ல முதுகு உரிஞ்ச மாதிரி கீதே.

– ஆனி மாசத்துல இப்படி மழை கொட்டினா? போன கார்த்திகையில அடையாறு டாக்டராத்துலயும் ஒண்ணு இப்படித்தான் உரிஞ்சது. அவர் சுவர்ல ஓதம், நான் என்ன பண்றது?

– த்சொ த்சொ. டாக்டரு பாவம். இது இன்னா படம்? புயலா?

– புயல்தான். ‘கூண்டு ஏற்றிய நாள்’னு பேர் வெச்சிருக்கேன்.

– பேரெல்லாம் ஷோக்காத்தான் கீது. எந்தப் புயலு?

– ஏதோ ஒரு புயல்.

– டபாய்க்காதே சார். தொண்ணூத்தி நாலு ஐப்பசி. ஆர்பர்ல கூண்டு ஏத்திட்டாங்கோ. பாலவாக்கம் குப்பத்துல ஒரு மரம் எறங்கல. நீதான் எங்க வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு, ‘ஆண்டனி, அந்த மேகத்துக்கு அடியில கடல் என்ன கலர்னு பார்த்துண்டு வந்துடலாம், அரைமணி போறும்’னே.

– அவன் மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே.

– சொன்னாரு. எங்க வூட்டுக்காரரு ரெண்டு வாட்டி சொன்னாரு. உன் மரத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் புது மரம் வாங்கித் தரேன்னு நீ சொன்னே. பழவேற்காட்டுலேந்து கோடியக்கரை வரைக்கும் உன் பொட்டியத் தூக்கிக்கினு கூட வந்த ஆளு, உன் பேச்ச நம்பிட்டாரு. அலையில கயிறு அறுந்து மரம் பிரிஞ்சிச்சி. ரெண்டு கட்டைக்கு நடுவுல அவரு சோத்துக் கையி. மத்த கையால உன் சட்டையைப் புடிச்சி கரைக்கு இஸ்துக்கினு வந்தாரு.

– நான் மறக்கலே. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிண்டு வந்தேனே.

– ஆறு சாத்துக்குடி. ஒண்ணு அழுகலு.

– உன்கிட்ட யாராவது பேச முடியுமா!

– இப்போ எங்க கீறாரு தெரியுமா உன் ஆண்டனி? மாம்பலம் ஸ்டேஷன்ல சைக்கிளுக்கு டோக்கன் குடுக்கறாரு. எடது கையால. வூட்டுக்கு வந்தா கடல் பக்கம் திரும்பிக் குந்த மாட்டேங்கறாரு.

– கேக்கவே கஷ்டமாத்தான் இருக்கு. டெல்லிப் பணம் முழுசா வரட்டும், ஏதாவது பண்றேன்.

– இந்த வார்த்தைய இன்னும் எத்தினி வாட்டி சொல்லுவே? சரி, இது இன்னான்னு பாரு.

– என் கண்காட்சி நோட்டீஸ். உனக்கேது?

– உன் குப்பைக் கூடையிலதான். குப்பத்துல அறிவொளிக் கிளாஸு நடந்துச்சில்ல, நானும் ஒரு வருசம் குந்தினேன். படிக்கறேன் கேளு. ‘புயல் நாளில்... ஓவியர்... தன்னந்தனியாக... துடுப்பு வலித்து... கடலுக்குள் சென்றார்.’ தன்னந்தனியா! ஏன் சார், துடுப்புல தலை எது வாலு எதுன்னாவது உனக்குத் தெரியுமா?

– அது பத்திரிகைக்காரன் கைச்சரக்கு.

– நீ சொல்லாம அவனுக்குக் கனவுல வந்துச்சா?

– ஏன்னா! லாரி வாசல்ல நிக்கறது! அந்த மீன்காரி மாடியிலயா இருக்கா? நாத்தம் பூஜை ரூம் வரைக்கும் வரது!

– இதோ, அபயம்! மத்த பதினேழையும் கீழேதானே வெச்சிருக்கேன், ஏத்தச் சொல்லு! புயல் படத்தை நான் சாயங்காலம் ரயில்ல அனுப்பிச்சுக்கறேன்!

– மாமிக்கு நாத்தமாமே. உன் படம் பூராவுக்கும் அடியில மீனுதான்னு அவங்களாண்ட சொல்லலியா?

– மெதுவா! அவ காதுல விழுந்தா ஸ்டூடியோவுக்கே பூட்டுப் போட்டுடுவா.

– ரஷ்யாவுக்குப் போய் வந்து நீதானே கத்துக் குடுத்தே? கத்தாழ மீனு வயித்துல கீற காத்துப் பையக் காய்ச்சி துணியில பூசி, அதுமேல வரைஞ்சா நூறு வருசம் நிக்கும்னு. மீனு வேணும், வாடை ஆவாது. ஒரு நாளாச்சும் என் அடுப்பாண்ட வந்து எட்டிப் பாத்துகிறியா?

– எட்டிப் பார்க்கணுமா? பாட்டில் மூடியைத் திறந்தாலே எனக்குக் குமட்டறது. அதான் எல்லாத்தையும் உன்னண்ட விட்டுட்டேன். ஏழு தண்ணியில அலசணும், நல்ல தண்ணியில காய்ச்சணும். துளி உப்பு நின்னாலும் காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துண்டே இருக்கும், ரெண்டு மழைக்கு மேல தாங்காது, பெயிண்ட் செதில் செதிலா கொட்டிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே.

– நெனப்பு கீது சார். மொத நாளு சொன்னே. மனப்பாடமா வச்சிக்கினு கீறேன்.

– அப்புறம் என்ன? எங்கே பசை?

– காய்ச்சல. பைய மட்டும் காயவச்சி கொணாந்துகிறேன். துட்ட வையி, இங்கியே அடுப்பு மூட்டறேன். இல்லாங்காட்டி பைய மடியில கட்டிக்கினு நான் போய்க்கினே இருப்பேன்.

– பிளாக்மெயிலா?

– உன் பாஷையில அப்டித்தான் சொல்லுவாங்களா? சரி, அதேதான்.

– ராட்சசி! இந்தா. அவா குடுத்த முன்பணத்துலேந்தே எடுக்கறேன். எண்ணிக்கோ.

– கையெழுத்துப் போட்டுத் தரவா? இப்பத்தான் போடக் கத்துக்கினேன்.

– ஒண்ணும் வேண்டாம். எண்ணு.

– ...ஏழாயிரத்து அறுநூறு, நாப்பது. சரியா கீது. மரத்துக் கடன் தீந்துச்சி.

– மரத்துக் கடன்னா? வேற எந்தக் கடன் பாக்கி?

– கையி? அது இன்னா கடையில வாங்கினதா? அதுக்கு உன்னாண்ட நான் காசு கேட்டதே கெடயாது. கேக்கவும் மாட்டேன்.

– ஏன்னா! பதினேழும் ஏத்தியாச்சு, லாரி கிளம்பிடுத்து! அவ இன்னும் போகலியா?

– போயிடுவா, அபயம்! லூர்து, பேசிண்டு நிக்காதே. பின்பக்கம் கிணத்தடியில அடுப்பை மூட்டு. இன்னிக்கு ஒரு நாள் மூக்கைப் பிடிச்சுண்டு இருந்துடறேன். சீக்கிரம் காய்ச்சு.

– காய்ச்சறேன் சார். எந்தத் தண்ணியில காய்ச்சட்டும்? உன் கெணத்துத் தண்ணியா, இல்ல அவரு கையி போன நாள்லேந்து இந்த இருபது மாசமா உனக்குக் காய்ச்சிக் குடுத்தேனே, அந்தக் கடல் தண்ணியா?