டிரேவர் கட்டாத பாலம்

கம்ப்யூட்டரில் கேம் விளையாடுகிற பலருக்குச் சரியாகப் பேக்கப் எடுக்கத் தெரிவதில்லை, டாக்டர். கேமை நகலெடுத்து வைத்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் விளையாடிச் சேர்த்தது வேறொரு ஃபோல்டரில் இருக்கும். கேமை எப்போது வேண்டுமானாலும் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம். மற்றதை முடியாது.

என் தம்பி டிரேவருக்கும் இது தெரியாது. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டபின், முந்தைய நாள் நடந்தது அவன் மனதில் நிற்பதில்லை. நீங்கள்தான் வழி சொன்னீர்கள். நகரம் கட்டும் அந்த கேமில் தினமும் சாயங்காலம் ஏதாவது ஒன்று கட்டட்டும், மறுநாள் என்ன கட்டினான் என்று சொல்லிவிட்டுத் திறந்து பார்க்கட்டும் என்றீர்கள். நல்ல யோசனை. மழைக்காலம் ஓய்வதற்குள் அநேகமாக எல்லாமே சரியாகச் சொல்ல ஆரம்பித்தான்.

தொம்மலூர் வீட்டில் நானும் அவனும்தான். குளிக்கத் துண்டு எடுத்துக் கொடுப்பதிலிருந்து மாத்திரை வரை நான் பார்த்தேன். குணமானதும் கேத்தரினோடு கல்யாணம், சந்தாபுராவில் தனி வீடு என்று பேச்சு வந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல். கேம் அப்டேட் ஆனது. அதில் அவனுடைய நகரம் திறக்கவில்லை. என்னிடமிருந்த பழைய பேக்கப்பைப் போட்டுக் கொடுத்தேன். முந்தைய நாள் அவன் கட்டிய பாலம் அதில் இல்லை.

"அண்ணா, நேத்து ஆத்து மேல பாலம் கட்டினேன் இல்ல?"

விளக்கியிருக்கலாம். அலுப்பாக இருந்தது. "இல்லடா," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கேத்தரின் வந்தாள். "என்ன இன்ஜினியர் சாரே, போன்ல அவ்ளோ பில்டப் குடுத்தே! நம்ம ஊரு ஃப்ளைஓவர் மாதிரி உன் பாலமும் பேப்பர்லதானா?"

அவன் சிரிக்கவில்லை. "கட்டினேன் கேத்தி."

"கட்டப் போறேன்னுதான் சொல்லிட்டிருந்தான்மா," என்றேன்.

திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான். இவ்வளவு சுலபமா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அதன்பின் அப்டேட்டுக்காக நான் காத்திருக்கவில்லை. அவன் குளிக்கப் போனதும் புது நகரத்தை என் ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தையதை அவன் கம்ப்யூட்டரில் வைப்பேன். எல்லாவற்றையும் எடுத்தால் அது கொடுமை. ஒரு பள்ளிக்கூடம் போகும், ஒரு தெரு போகும், அவ்வளவுதான். சில நாள் எதையும் தொட மாட்டேன். அவன் சரியாகச் சொன்னதும் முதுகில் தட்டிக் கொடுப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அவன் தன்னை நம்புவதை விட்டுவிட்டான். கேத்தரினை இனி வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். அவள் வாசலில் நின்று அழுதாள். "சாமு அண்ணா, அவன் என்னை மறக்கல. மறந்துடுவோமோன்னு பயந்தே என்னைப் போகச் சொல்றான்." ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். இப்போதெல்லாம் தான் ஏற்கெனவே சாப்பிட்டாயிற்றா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுக்கிறான்.

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டீர்கள். மருந்து நன்றாகவே வேலை செய்தது, டாக்டர்.

போன வாரம், கடைசியாக நான் எடுத்து வைத்த நகரத்தைத் திறந்து பார்த்தேன். நேர்த்தியாகக் கட்டுவான். ஆற்றங்கரையில் ஒட்டினாற்போல இரண்டு வீடுகள். ஒன்றுக்கு 'டிரேவர், கேத்தி' என்று பெயர் வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக்கு 'சாமு அண்ணா'.

பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அவனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன். காட்டினால் குணமாகிவிடுவானே என்று மூடிவிட்டேன்.