கட்டைவிரலுக்கு எட்டாத வாய்

இரவு ஒரு மணி இருக்கும். அம்ப்ரோசியோவின் சவப்பெட்டிக்கு முன்னால் நாங்கள் ஏழு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். சீட்டாட்டம் அலுத்துவிட்டது. காபி ஆறிவிட்டது. முப்பத்தெட்டு வயது ஆள்... தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை.

"பாதிபாத் உக்காந்துட்டா" என்று சாயங்காலத்திலிருந்து ஊர் முழுக்க அதே பேச்சு. எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தத் தடிச்சிப் பேயை எனக்கும் தெரியும். மரத்தில் குடியிருப்பவள். மரத்தை வெட்டித் தூணாக்கினால் தூணிலேயே தங்கிவிடுவாள். பக்கத்தில் படுப்பவன் நெஞ்சில் ஏறி உட்காருவாள். உடனே கட்டைவிரலைக் கடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு போய்விடும். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் பால்குடி வயதிலேயே சொல்லிக்கொடுப்பது. ஆனால் அம்ப்ரோசியோவுக்கு டாக்டர் ஒரு மாஸ்க் கொடுத்திருந்தார். தூக்கத்தில் மூச்சு நின்றுபோகாமல் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் மெஷினோடு. இரண்டு நாள் போட்டுவிட்டுப் பரண்மேல் வீசிவிட்டான்.

அவன் தம்பி பாசியோவுக்கும் அதே குறட்டை, அதே மெஷின். அவன் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. இப்போது அண்ணனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கண் சொருகிக்கொண்டிருந்தான்.

"டேய் பாசியோ, முழிச்சிக்கோ. ஒரு கதை சொல்றேன்."

"பேய்க் கதையா மனோங்?" என்றான். மூத்தவன் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"பேய்க் கதைதான். ஆனா பேய் ஜெயிக்கிற கதை இல்ல."

என்னோடு லாரி ஓட்டும் நெஸ்தோரின் மைத்துனர் மக்காரியோவுக்கு நடந்தது இது.

அதிகாலை இரண்டரை மணி. மலையிலிருந்து இறங்கும் சாலை. லாரி நிறைய முட்டைக்கோஸ். முன்னாலும் பின்னாலும் ஒரு விளக்கு கிடையாது... பனிதான். மக்காரியோ தனியாக வருகிறார். வண்டிக்குள் ஒரு சத்தம். கர்ர்... கர்ர்... யாரோ குறட்டை விடுகிறார்கள். பக்கத்து இருக்கையைப் பார்க்கிறார். காலி. மறுபடியும் கர்ர்... பிறகு நின்றது. சுத்தமாக நின்றது. குறட்டை விட்டது தான்தான் என்று அந்த அமைதியில்தான் அவருக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தால் லாரி வயலுக்குள் நிற்கிறது. முட்டைக்கோஸெல்லாம் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் மிதந்து போகிறது.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு படுக்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நிற்கிறதாம். முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "மாஸ்க் போட்டு ஒரு மாசம் தூங்கு. மெஷின்ல ராத்திரிக்கு எத்தன மணி நேரம்னு கணக்கு காட்டு. அப்புறம் சாவி தர்றேன்." மக்காரியோவுக்கு ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. சாவி இல்லாத மக்காரியோ மக்காரியோவே இல்லை.

அவர் வீட்டில் படுக்கிற அறைக்கு நடுவே ஒரு பழைய தூண். அதில் கைமுட்டி நுழைகிற அளவுக்கு ஒரு கணு ஓட்டை. அவருடைய அப்பா அந்தத் தூணடியில்தான் தூக்கத்தில் செத்தார். ஓட்டைக்கு நேராகப் படுத்திருந்தார்.

முதல் இரவு மாஸ்கைப் போட்டதும் பிடரியில் வார் இறுக்கியது. விளிம்பிலிருந்து காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வயிறெல்லாம் காற்று, விடிய விடிய ஏப்பம். நாக்கு தேங்காய் நார் மாதிரி காய்ந்துவிட்டது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். அவரைப் படுத்தியது வேறொன்று. மூக்கும் வாயும் மூடியாயிற்று... அவள் வந்தால் கட்டைவிரலை எப்படிக் கடிப்பது?

ஒரு மணி நேரம்கூட ஆகாது. பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். இப்படியே ஐந்து நாள்.

"கால்விரலு பத்து இருக்கே, அத ஆட்டுறதுதான?" என்றாள் மனைவி ருஃபினா.

"அவ உக்காந்தா காலு ஆடாது. நீ அவளப் பாத்ததில்ல."

"உங்க அம்மாவோட பத்து வருசம் இருந்திருக்கேன். பயம் காட்டாதீங்க."

ஆறாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸிடம் போய் நின்றார். "ராத்திரில சண்டை போடாதீங்க" என்றாள் அவள். "பகல்ல உக்காந்துகிட்டுப் போடுங்க. மொதல்ல பத்து நிமிஷம். கையில ஏதாச்சும் வேலை இருக்கட்டும்." காற்று ஒரேயடியாக அடிக்காமல் மெதுவாக ஏறும்படி மெஷினைத் திருகிக் கொடுத்தாள். அவரைப் படுக்க வைத்து வாரைச் சரிபார்த்து, சரியான இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

மறுநாள் மக்காரியோ வாசற்படியில் உட்கார்ந்து மாஸ்கோடு பூண்டு உரித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. "மக்காரியோ, விமானம் எப்பக் கெளம்புது?" என்று ஒருத்தன் கத்தினான். அவர் உரித்த பூண்டை அவன் மேல் வீசினார். பத்து நிமிடம் இருபதானது. பிறகு ஒரு கூடைப் பூண்டு முடிகிறவரை மாஸ்க் முகத்திலேயே இருந்தது.

பதினோராம் இரவு அவள் வந்தாள்.

முதலில் வாசனை... மழையில் நனைந்த பழைய மரத்தின் வாசனை. பிறகு கட்டில் சட்டம் ஒரு பக்கமாக முனகியது. நெஞ்சில் கனம். கண் திறந்திருக்கிறது, கழுத்து திரும்பவில்லை. வலது கை மட்டும் தானாக எழுந்து வாய்க்குப் போனது. டொக். கட்டைவிரல் பிளாஸ்டிக்கில் முட்டியது. மறுபடியும்... டொக். விரல்கள் வாரைப் பிடித்துவிட்டன. ஒரே இழுப்பு, கழன்றுவிடும்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. அப்பாவை நினைத்து, போன சாவியை நினைத்து, மிதந்துபோன முட்டைக்கோஸை நினைத்துக்கூட. கையைக் கீழே போட்டார். பானைக்குள்ளிருந்து பேசுவது போல மாஸ்குக்குள்ளேயே சொன்னார்.

"உக்காருடி. நல்லா உக்காரு. எங்கப்பனுக்கு இது இல்ல. எனக்கு இருக்கு."

ஸ்ஸ்ஸ்... மெஷின் தள்ளியது. அவள் அழுத்தினாள். ஸ்ஸ்ஸ்... காற்று உள்ளே போனது. அவள் அழுத்த அழுத்த அது போய்க்கொண்டேயிருந்தது. யார் முதலில் களைப்பது என்று பார்த்துவிடலாம் என்று கிடந்தார். எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது. கடைசியாகக் கேட்டது மட்டும் நினைவிருக்கிறதாம்... தூண் பக்கம் யாரோ மாடி ஏறி வந்தது போல மூச்சிரைக்கிற சத்தம்.

காலையில் மெஷின் திரையில் ஆறு மணி நேரம். மூச்சு நின்றது மணிக்கு இரண்டே தடவை.

ஒரு மாதத்தில் சாவி வந்தது. முதல் சவாரிக்குக் கிளம்பிய அன்று, அந்தத் தூணோடு தனியாகப் படுக்க மாட்டேன் என்று ருஃபினா தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். மக்காரியோ பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றிவைத்தார். மாஸ்கைத் தூணிலிருந்த ஆணியில் மாட்டினார். வீட்டைப் பூட்டினார். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து, படுக்கலாம் என்று மெஷினைப் போட்டால் திரையில், நேற்று இரவு: ஏழு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம்.

மாஸ்கைக் கையில் எடுத்தார். பேனாக் கோட்டைத் தாண்டி, வார் கடைசிவரை தளர்த்தி விடப்பட்டிருந்தது. ரொம்பப் பெரிய தலைக்கு. உள்ளே ஈரம். நனைந்த மர வாசனை.

"தூக்கி ஆத்துல போடுங்க!" என்று அலறினாள் திரும்பி வந்த ருஃபினா.

"எதுக்குப் போடணும்? இது நான் பழகின மாஸ்க்."

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். வாரைக் கோட்டுக்கே இழுத்தார். தூணுக்கு முன்னால் போய் நின்றார். "நான் இல்லாதப்போ போட்டுக்க. நான் தூங்கறப்போ கிட்ட வந்தே, தூண அறுத்து வெறகாக்கிடுவேன். இன்னொண்ணு... போட்டா கழுவி வை." சொல்லிவிட்டு மாஸ்கை மாட்டிக்கொண்டு சாயங்காலம்வரை தூங்கினார்.

சவப்பெட்டி முன்னால் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பாசியோ மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனான். பிரிக்காத மெஷின் பெட்டியோடு வந்து டேப்பைக் கிழித்தான். அண்ணன் தலைமாட்டு விளக்கு சொருகியிருந்த பலகையிலேயே பிளக்கைச் சொருகி, மாஸ்கை மாட்டினான். ஸ்ஸ்ஸ்... கை இரண்டு தடவை வார்ப்பக்கம் போனது, இரண்டு தடவையும் இறங்கியது. சவப்பெட்டிக் கண்ணாடிக்குள் தெரிந்த அண்ணன் முகத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கடிகாரம் பார்த்தேன். பத்து நிமிடம் முழுசாக.

"அதுசரி, அப்புறம் கழுவி வெச்சாளா?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு பெனிக்னா.

அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அடுத்த சவாரி இரண்டு இரவு. ருஃபினா அப்போதும் தங்கை வீட்டில்தான். பூட்டு பூட்டியபடியே இருந்தது, சாவி மக்காரியோவின் சட்டைப் பையில். கதவைத் திறந்தார். சோப்பு வாசனை. மாஸ்க் ஆணியில் தொங்கியது. வார் சரியாக அந்தப் பேனாக் கோட்டில்.

மாஸ்கின் குழாய் நுனியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.