தங்கைக்கு வாங்கிக் கொடுத்த முகவரி

இணையதளத்துக்குப் பெயர் வைப்பது குழந்தைக்குப் பெயர் வைப்பதைவிடக் கஷ்டம். குழந்தையைக் கொஞ்சம் மாற்றிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கும். இணையதளம் பார்க்காது. ஓர் எழுத்து பிசகினால் வாடிக்கையாளர் வேறு யார் வாசலிலோ போய் நிற்பார். அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

அதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். யோசித்த பெயரைத் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு ஒரே தடவை சொல்வேன். காதில் விழுந்தபடி அடித்து அனுப்பச் சொல்வேன். ஒருவர் தடுமாறினாலும் அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

என் தங்கை மரத் தொட்டில் செய்கிறவள். பட்டறைக்கு வருகிறவர்கள் கைக்குழந்தையோடு சேர்த்து அவளையும் கொஞ்சிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அவளைத்தான் முன்னால் நிறுத்துவாள். "சின்னவ கைராசிக்காரி. பெரியவ கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிக்கிட்டிருப்பா." எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல வெட்கமில்லை; நீங்களும் யாருக்காவது அண்ணனாகவோ தம்பியாகவோ இருப்பீர்கள்.

"அக்கா, எனக்கும் ஒரு வெப்சைட் போட்டுக் குடேன்" என்று கேட்டாள். அழகான பெயராக ஒன்று யோசித்து, வழக்கம்போலப் போன் போட்டுப் பார்த்தேன். அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரி தப்பாக அடித்தார்கள். "எல்லாரும் சரியா அடிச்சிட்டாங்க" என்று அவளிடம் சொன்னேன். சரியான முகவரியை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். மற்றவர்கள் அடித்ததை எனக்கு வாங்கிக்கொண்டேன்.

அந்தத் தப்பு முகவரிக்கு யார் மெயில் போட்டாலும் என்னிடம் வரும். ஆரம்பத்தில் சும்மா படிக்கத்தான். தொட்டிலில் தூங்கும் பிள்ளைகளின் படம் அனுப்பி, "உங்க கை தங்கக் கை" என்று எழுதுவார்கள். உடனே அழித்துவிடுவேன். அவளுக்குப் போய்ச் சேராத ஒவ்வொரு பாராட்டும் எனக்கு ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர்.

பிறகு ஒரு தாய் எழுதினாள். தொட்டிலைத் தாங்கும் கொக்கி விரிகிறதாம். படமும் இருந்தது, விரிந்திருப்பது எனக்கே தெரிந்தது. தங்கைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் போட்டது போட்டபடி ஓடுவாள். விற்ற தொட்டிலுக்கெல்லாம் கொக்கி மாற்றிக் கொடுப்பாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று அதற்கும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவள் பெயரில் நானே பதில் எழுதினேன். புதுக் கொக்கி கொஞ்சம் இளகும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அந்தத் தாய் மறுபடி கேட்டாள்: "பாப்பாவைப் படுக்க வைக்கலாம்தானே மேடம்?"

"தாராளமாக" என்று எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன்.

கொக்கி கழன்றதையும், தொட்டில் குழந்தையின்மேல் கவிழ்ந்ததையும் நீங்களே நேரில் போய்ப் பார்த்தீர்கள். தங்கையை இங்கே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீர்கள். "அந்தப் பதிலை நான் எழுதவே இல்லக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

இப்போது வெளியே பெஞ்சில் அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சு அப்படிச் சொல்லியிருக்க மாட்டம்மா" என்கிறாள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள். பக்கத்திலேயே நின்ற என்னிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால்தான் உள்ளே வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக எழுத வேண்டாம். அவள் ஒன்றும் செய்யவில்லை. குழந்தையைக் கொன்றது நான். இதையாவது என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.