ஒரு மணி நேரம் கூட்டி

கடல் தண்ணீர் ஏறும் ஓத நேரத்தை எழுத நல்ல சாக்பீஸ் வேண்டும். மட்டமானது ஈரக் காற்றில் பலகையில் பிடிக்காது. இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்பில், பறவை பார்க்கும் எங்கள் குடிசையின் கதவருகே பதினோரு வருடங்களாக நான்தான் எழுதுகிறேன். அச்சிட்ட அட்டவணையில் குளிர்கால நேரம்தான் இருக்கும். கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பதால், அட்டவணையோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் கூட்டுவதை நிறுத்த வேண்டும். புதியவர்கள் இதில்தான் தவறுவார்கள். நான் தவறியதில்லை.

பார்க்காத பறவையைப் பார்த்ததாகச் சொல்பவருக்கு எங்கள் ஆட்களிடம் 'கயிறு' என்று பெயர். அதைவிடக் கேவலமான பட்டம் கிடையாது. மூன்று வருடம் முன்பு என் மனைவி மேவிஸ், கடலோரப் புதரில் அபூர்வமான சைபீரியக் கதிர்க்குருவியைப் பார்த்தாள். பறவைப் பதிவுக் குழுத் தலைவர் டெரிக் அதை ஏற்கவில்லை. குடிசை நிறைய ஆட்கள் இருக்கும்போது சொன்னார்.

"மேவிஸம்மா, அடுத்த வாரம் மயில் வந்தாலும் சொல்லுங்க. கயிறு மிச்சம் இருக்குமில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். தொலைநோக்கியை உறைக்குள் போட்டவள் திரும்ப எடுக்கவே இல்லை. ஜன்னலுக்கு வந்த ராபின் குருவியைக்கூடப் பார்க்க மாட்டாள். இந்தப் பிப்ரவரியில் இறந்தாள். டெரிக் பூ அனுப்பினார். அதற்காகவும் அவரை வெறுத்தேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு விடிந்ததும் குறிப்பேட்டில் எழுதினேன்: சைபீரியக் கதிர்க்குருவி, கழிக்கு அப்பால், முனைப் புதர். முனைக்குப் போக, ஓதத்தில் நிரம்பும் அந்தக் கழி வாய்க்காலைக் கடக்க வேண்டும். டெரிக்குக்கும் செய்தி அனுப்பினேன். நான் எந்தக் குருவியையும் பார்க்கவில்லை. ஏழரைக்கெல்லாம் டெரிக் வாயில் ரொட்டியோடு வந்து நின்றார்.

"யோவ் நார்மன், ராத்திரி கடிகாரம் மாத்தியாச்சே. பலகையில சரியாப் போட்டியா?"

"நான் எப்பய்யா தப்பாப் போட்டேன்?"

"அதானே. ஒன்பதே முக்காலுக்குத்தானே கழி நிரம்பும், அதுக்குள்ள வந்துடுவேன். டீ போட்டு வை."

கழி நிரம்புவது எட்டே முக்காலுக்கு. எங்கள் சதுப்பில் தண்ணீர் எதிரே வந்து பயமுறுத்தாது. முதுகுக்குப் பின்னால் ஏறும். முனையில் செல்போனும் எடுக்காது. அவர் புதரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றதைத் தொலைநோக்கியில் பார்த்தேன். பிறகு திரும்பினார். தொப்பியைக் கழற்றி ஆட்டினார். குடிசைத் தொலைபேசி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

தொலைநோக்கியை வயல் பக்கம் திருப்பினேன். கிழங்கு எடுத்த நிலத்தில் காட்டு வாத்துகள் இறங்கியிருந்தன. நிதானமாக எண்ணினேன், இருநூற்றுப் பத்து. மறுபடி முனையைப் பார்த்தபோது தொப்பி தெரியவில்லை. டீ போட்டேன். ஒரு கோப்பைதான்.

காவல் ஆய்வாளர் ஐயா, பழக்கதோஷத்தில் ஒரு மணி நேரம் கூட்டிவிட்டேன் என்று முதலில் சொன்னது பொய். அவர் சாக வேண்டும் என்றே கூட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மேவிஸ் பொய் சொன்னாள் என்று எங்கும் வரக்கூடாது. அவள் பாவம், அன்றைக்கு "சின்னதா, பச்சையா ஏதோ ஒண்ணு பறந்துச்சு, விடுங்க" என்றுதான் சொன்னாள். மஞ்சள் புருவம், இறக்கையில் இரண்டு கோடு எல்லாம் சேர்த்து, அவள் பெயரில் குழுவுக்கு அனுப்பியது நான்தான். அதற்குப் பெயர் கயிறு இல்லை.